அப்பா வைத்த கொக்கியும் அம்மாவின் ஃபேனும்

கச்சான் தொடங்கிய கிழமையிலேயே அம்மாவின் அறை ஃபேன் கைவிட்டுவிட்டது. ஒரேயடியாக நிற்கவில்லை. முதலில், மூன்றில் வைத்தாலும் ஒன்றில் வைத்த மாதிரிச் சுற்றியது. பிறகு சுவிட்சைப் போட்டால் உறுமிக்கொண்டு அப்படியே நிற்கும். தும்புத்தடியால் இறக்கையை ஒரு தள்ளுத் தள்ளினால்தான் ஓடத் தொடங்கும். 74 வயது மனிசி இரவு 12 மணிக்குக் கட்டிலில் ஏறி நின்று தும்புத்தடியால் ஃபேனைத் தள்ளுவதைக் கண்ட பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

திருகோணமலைக்காரருக்குக் கச்சானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். தென்மேல் பருவக்காற்று மேற்கிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் எதுவும் மிச்சமில்லாமல் காய்ந்து, சூடாக எங்கள் பக்கம் இறங்கும். அதுதான் கச்சான். கொழும்பில் குடை பிடிக்கும் மாதங்களில் இங்கே கொடியில் போட்ட சாரம் கால் மணித்தியாலத்தில் மொரமொரவென்று காய்ந்துவிடும். கோட்டைப் பக்கத்து மான்கள்கூட மத்தியானத்தில் மர நிழலை விட்டு வெளியே வராது. கூரையாகப் போட்ட கொங்கிறீட் பிளேட் பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவு முழுக்க விட்டுக்கொண்டிருக்கும். அப்படியான அறையில் ஃபேன் இல்லாமல் படுக்க முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதே, அந்த நாட்களில் அம்மா பனையோலை விசிறியோடு முற்றத்தில்தான் பாய் போட்டுப் படுத்தார். இப்போது அவரால் நிலத்தில் படுத்து எழும்ப முடியாது.

தானாகத் தொடங்காத ஃபேனுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது கப்பாசிற்றரை. ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, மேலே தண்டை மூடியிருக்கும் கிண்ணத்துக்குள் இருக்கும். அது பலவீனமானால் மோட்டாரைக் கிளப்பிவிடும் உந்து சக்தி போய்விடும். தள்ளிவிட்டால் மட்டும் ஓடும். எங்களுடையதில் 2.5 மைக்ரோ ஃபரட் என்று போட்டிருந்தது. அதே எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும், சில நூறு ரூபாதான். மெயினை நிறுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும். கழற்றும்போது அதன் இரண்டு வயர் முனையையும் ஒன்றாகத் தொட்டுவிடாதீர்கள், கரண்ட் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே தேங்கியிருக்கும். நானும் முதலில் அதைத்தான் மாற்றினேன். ஃபேன் தொடங்கியது. ஆனால் பெயாரிங் தேய்ந்து, அம்மி அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். இறக்கையைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் மோட்டாரே ஆடியது. சரி, புதிது வாங்கத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அதை நானே மாட்டுவது என்றும் அப்போதே முடிவெடுத்துவிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. 9 நாளில் ஆடி அமாவாசை. அப்பாவுக்கு விரதம் பிடித்து, கடலில் தீர்த்தமாடி, காத்தோட்டிக்காய்க் கறியோடு எல்லாரும் சாப்பிட்டு, மத்தியானம் அந்த அறையில்தான் படுப்போம். எங்களுக்கு வழக்கமாக வயரிங் வேலை செய்கிற அண்ணாவுக்கு அனுமதிப் பத்திரமும் இருக்கிறது, கை சுத்தமும் இருக்கிறது, ஆனால் நேரம்தான் இல்லை. ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம் வரலாம் என்றார். போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “தங்கச்சி, மாட்டுறதை நீங்களே மாட்டலாம். முதல் கொக்கியைப் பாருங்கோ. சுவிட்ச் பெட்டிக்குள்ள மட்டும் கை வைக்க வேண்டாம், அதை நான் வந்து பாக்கிறன்.”

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஆனால் இந்த வேலைக்கு எனக்குக் கை தந்தது பாடப்புத்தகம் இல்லை, அப்பா. கரண்ட் இருந்தால் எரிந்து காட்டும் அவருடைய டெஸ்டர் இப்போதும் தையல் பெட்டிக்குள் கிடக்கிறது. “சுவிட்சை நம்பாத, டெஸ்டரை நம்பு. டெஸ்டரையும் முதல் எரியிற இடத்தில வச்சுப் பாத்திட்டு நம்பு” என்பார். பழுதான டெஸ்டர் எங்கே வைத்தாலும் எரியாது. கரண்ட் இல்லை என்று நினைத்துக் கையை வைத்துவிடுவோம். அதனால் சனிக்கிழமை காலை முதல் வேலையாக மண்டபத்துப் பிளக் பொயின்றில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து மர ஏணியை இரவல் வாங்கி வந்து விரித்து, பெறாமகனைக் கீழே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறினேன். மெயினை இன்னும் நிறுத்தவில்லை. ஃபேன் சுவிட்சை மட்டும் நிறுத்தியிருந்தேன். கிண்ணத்தைக் கீழே இறக்கி, கனெக்டரில் சிவப்பு வயர் முனையில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. கறுப்பு வயரில் வைத்தேன். அதுவும் எரிந்தது.

சுவிட்ச் நிறுத்தியிருக்கிறது. இரண்டு வயரிலும் எரிகிறது.

ஏணியில் நின்றபடியே கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகுதான் பிடிபட்டது. சுவிட்ச் கரண்ட் வரும் லைவ் வயரை வெட்டவில்லை, அது திரும்பிப் போகும் நியூட்ரலை வெட்டுகிறது. லைவ் நேராகக் கூரைக்கு வந்து, மோட்டாருக்குள் இருக்கும் சுருளைக் கடந்து, மற்ற வயரிலும் வந்து நிற்கிறது. திரும்பிப் போக வழி இல்லாததால் ஃபேன் சுற்றாது. சுற்றாததால் கரண்ட் இல்லை என்று நாங்கள் நினைப்போம். இந்த ஃபேனை எத்தனை தடவை சுவிட்சை மட்டும் நிறுத்திவிட்டு ஈரத் துணியால் துடைத்திருப்பேன்! பழைய வீடுகளில் இது அபூர்வமும் இல்லை. ஃபேனோ லைட்டோ ஓடுகிறது, எரிகிறது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. உங்கள் வீட்டிலும் ஒருக்கால் பாருங்கள், அல்லது தெரிந்த ஆளைக் கொண்டு பார்ப்பியுங்கள். இதை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதற்காகத்தான்.

இறங்கிப் போய் மெயினை நிறுத்தினேன். சுவிட்சின் மேல் டேப்பை ஒட்டி, “வேலை நடக்கிறது, தொட வேண்டாம்” என்று ஒரு துண்டில் எழுதி வைத்தேன். மறுபடியும் ஏறி டெஸ்டரை வைத்தேன். இரண்டிலும் எரியவில்லை. அப்புறம்தான் வயரில் கை வைத்தேன்.

பழைய ஃபேனின் இறக்கைகளைக் கழற்றிக் கீழே கொடுத்த பிறகு, மேலே கொக்கியைப் பிடித்திருந்த போல்ட்டைப் பார்த்தேன். இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஃபேன் தண்டின் மேல் முனையில் ஒரு கவடு, அதற்குள் ஒரு ரப்பர் உருளை. அந்த உருளைதான் கொக்கியில் உட்காரும். உருளைக்கு நடுவால் ஒரு போல்ட் போகும், அதற்கு ஒரு நட். ஃபேனின் முழுப் பாரமும் அந்த ஒரு போல்ட்டில். ஃபேன் சுற்றச் சுற்ற அதிர்வில் எந்த நட்டும் மெல்ல மெல்லக் கழலப் பார்க்கும். அதனால்தான் போல்ட்டின் நுனியில் ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்கள். அதற்குள் ஒரு ஸ்பிளிட் பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் எதிரெதிர்ப் பக்கம் மடித்துவிட வேண்டும். நட் கழன்றாலும் பின்னில் முட்டி நிற்கும். போல்ட் வெளியே வராது. ஹெயார் பின் அளவுகூட இல்லாத அந்தப் பின்தான் கட்டிலில் படுத்திருக்கிறவருடைய உயிர்.

எங்கள் ஃபேனில் அந்தப் பின் இல்லை. அந்த ஓட்டைக்குள் ஒரு சின்ன ஆணியைச் செருகி அரைகுறையாக வளைத்திருந்தார்கள். ஆணி துருப்பிடித்து, நான் விரலால் தொட்டதும் இரண்டாக முறிந்து விழுந்தது. நட் ஏற்கெனவே இரண்டு சுற்றுக் கழன்றிருந்தது. 11 வருடம் முன்னால் காசு கொடுத்து ஒருவரைக் கூப்பிட்டு மாட்டிய ஃபேன் அது. பெட்டிக்குள் பின் வந்திருக்கும், எங்கேயோ விழுந்திருக்கும், தேடவில்லை. அந்த முறிந்த ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தேன். நேர் கீழே அம்மாவின் தலையணை. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அடுத்தது கொக்கி. எங்கள் வீடு உப்புவெளியில், நிலாவெளி வீதியிலிருந்து கடல் பக்கம் போகும் ஓர் ஒழுங்கையில். கடலுக்கு நடந்து போக 5 நிமிடம். உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் சரி, தின்றுவிடும். சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, கேற் பிணைச்சல் எதையும் விடாது. கொக்கி மேலே செந்தூரம் பூசிய மாதிரிச் சிவந்து கிடந்தது.

1994இல் இந்த அறைக்குப் பிளேட் போட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது எங்களிடம் ஃபேன் கிடையாது, வாங்கக் காசும் கிடையாது. இருந்தும் அப்பா அரை அங்குலக் கம்பியை வளைத்து இந்தக் கொக்கியைச் செய்து வந்து, கொங்கிறீட் ஊற்றுவதற்கு முன்னால் கம்பி வலையோடு தானே கட்டினார். கட்டுக் கம்பிச் சுருளை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கட்டுப் போதும் என்று மேசன் சொன்னதற்கு, “கம்பியோட சேராத கொக்கி கொங்கிறீட்டில சும்மா ஒட்டிக்கொண்டு நிக்கிற கொக்கி” என்று சொல்லி, மூன்று இடத்தில் முறுக்கிக் கட்டினார்.

கம்பி பிரஸால் துருவைத் தேய்த்தேன். செதில் செதிலாக விழுந்தது. சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கேட்டேன். டங் என்று கெட்டியான சத்தம் வந்தது. கொக்கி பிளேட்டுக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். இது முக்கியம். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கொங்கிறீட்டை உள்ளேயிருந்து வெடிக்கப்பண்ணும். வெடிப்பு இருந்தால் அந்தக் கொக்கியில் எதையும் தொங்கவிடக் கூடாது. எங்களுடையதில் மயிரிழைக் கோடுகூட இல்லை. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க ஸ்பேனர்களை எடுத்தேன். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர். மிகவும் தேய்ந்த இடத்தில் 12ஆம் இலக்க ஸ்பேனரின் வாய் நுழைந்தது, 11 நுழையவில்லை. 30 வருடத்துக்கு மேல் கடற்காற்றில் நின்ற கம்பியிலிருந்து 1 மில்லிமீற்றர் சொச்சம்தான் போயிருக்கிறது.

அதோடு நான் விடவில்லை. கொக்கியில் கயிறு போட்டு 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டேன். புது ஃபேன் ஏறக்குறைய 5 கிலோதான். கட்டிலை நகர்த்தி, அறையைப் பூட்டி, ஓர் இரவு முழுக்க அப்படியே விட்டேன். இரவுக்கு மெயினைப் போட வேண்டும் என்பதால், மேலே இருந்த இரண்டு வயர் முனையையும் தனித்தனியாக டேப் சுற்றி வைத்தேன். அம்மா அன்றைக்கு என் அறையில் படுத்தார். விடிய எழும்பிப் போய் நிலத்திலிருந்து மூட்டைக்கு உயரம் அளந்தேன். முதல் நாள் அளந்த அதே அளவு. மூட்டையை இறக்கிவிட்டு, துருவைத் தடுக்கும் ரெட் ஒக்சைட் பெயின்ற் பூசினேன்.

இதற்கிடையில் எந்த ஃபேன் வாங்குவது என்பதில் பெறாமகனோடு ஒரு விவாதம். அவன் கரண்ட் குறைவாக எடுக்கும் புது வகை மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன்தான் வேண்டும் என்றான். கணக்கில் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. பழைய மாதிரி ஃபேன் 75 வாற்; இரவு 10 மணித்தியாலம் ஓடினால் மாதம் 22.5 அலகு. பி.எல்.டி.சி. என்றால் 30 வாற்றுக்குக் கிட்ட. மாதம் 9 அலகு. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் கட்டண வகுப்பே மாறிவிடும் எங்களைப் போன்ற வீட்டுக்கு அந்த 13.5 அலகு சின்ன விசயம் இல்லை. ஆனால் பி.எல்.டி.சி. ஃபேனைப் பழைய ரெகுலேற்றரோடு ஓட்டக் கூடாது, ரிமோட்டால்தான் ஓட்ட வேண்டும். அம்மா இருட்டில் கண்ணாடி இல்லாமல் எழும்பி, சுவரைத் தடவி, அந்த வட்டக் குமிழைப் பிடித்து, டக் டக் என்று எண்ணித் திருப்புகிறவர். அவருடைய கைக்குத் தெரிந்த ஒன்றைப் பறித்துவிட்டு, தலையணைக்குக் கீழே தேடி எடுக்கிற ரிமோட்டைக் கொடுக்க எனக்கு மனமில்லை. கப்பாசிற்றர் போனால் ரவுனில் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதும் எனக்குப் பெரிய நிம்மதி. என்.சி. வீதியில் ஒரு கடையில் சாதாரண 56 அங்குல ஃபேன் வாங்கினோம். மண்டபத்து ஃபேன் பழுதானால் அங்கே பி.எல்.டி.சி. போடுவோம் என்று அவனிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

கடையிலேயே பெட்டியைத் திறந்து ஸ்பிளிட் பின் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு இருந்தன, மேலே ஒன்று, மோட்டார்ப் பக்கம் ஒன்று. கூடவே இன்னும் நாலு பின் தனியாக வாங்கி வந்தேன்.

ஞாயிறு பின்னேரம் வயரிங் அண்ணா வந்தார். சுவிட்ச் பெட்டியைத் திறந்ததும், “ஓம், நியூட்ரல்தான் வெட்டுது” என்றார். லைவ்வைச் சுவிட்சுக்கும் நியூட்ரலை நேராகவும் மாற்றினார். கூரை வரைக்கும் எர்த் வயரே இல்லை. அந்தக் காலத்தில் லைட், ஃபேன் இடங்களுக்கு இரண்டு வயர் மட்டும்தான் இழுப்பார்களாம். பைப்புக்குள்ளால் புதிதாக ஒன்றை இழுத்துத் தந்தார். ஃபேனின் உடம்பு முழுக்க உலோகம். உள்ளே வயர் கசிந்தால் அந்தக் கசிவு எர்த்தால் போய், ட்ரிப் சுவிட்ச் விழ வேண்டும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழும். அதில் இருக்கும் ‘T’ பொத்தானை அழுத்தி அவர் சோதித்துக் காட்டினார். மாதம் ஒருக்கால் அழுத்திப் பார்க்கச் சொன்னார், இப்போது நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். நிறம் மாறிக் குழம்பாமல் இருக்க இதையும் சொல்லிவிடுகிறேன்: பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். இப்போது வருவதில் கபில நிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் எர்த்.

அதற்குப் பிறகு மாட்டுவது உண்மையிலேயே சுலபம். கட்டிலில் வைத்து வயரைத் தண்டுக்குள்ளால் எடுத்து, இரண்டு கிண்ணத்தையும் தண்டில் கோத்து (இதை மறந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும்), தண்டை மோட்டாரில் பொருத்தி, போல்ட், நட், பின். பின்னின் காலைக் குறட்டால் மடித்தேன். பெறாமகனையும் அம்மாவையும் கூப்பிட்டு அதைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். மெயினை நிறுத்தி, மோட்டாரை மட்டும் மேலே கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினோம். மேல் போல்ட்டுக்கும் பின். வயர் முனைகளைக் கனெக்டரில் இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். இறக்கையைக் கடைசியில்தான் பூட்ட வேண்டும். முதலே பூட்டினால் பாரமும் கூடும், இறக்கையும் வளையும்.

பிளேட் உயரம் 10 அடி, தண்டு 1 அடி. இறக்கை நிலத்திலிருந்து 7 அடிக்குக் கீழே வரக் கூடாது. எங்களுக்கு எட்டரை அடிக்குக் குறையவில்லை. கட்டிலின் நுளம்புவலைத் தடிகளுக்கும் இறக்கைக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறது.

சுவிட்சைப் போட்டதும் சுற்றியது. மூன்றுக்கு மேல் வைத்தால் மட்டும் ஒரு மெல்லிய ஆட்டம். நிறுத்திவிட்டு, பிளேட்டிலிருந்து ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் அளந்தோம். இரண்டு சமன், மூன்றாவது 4 மில்லிமீற்றர் கீழே. அதன் திருகுகளைத் தளர்த்தி, அடியில் மெல்ல மேலே அமர்த்திப் பிடித்து மறுபடி இறுக்கினேன். முக்கால்வாசி ஆட்டம் போய்விட்டது. மிச்சத்துக்கு ஒரு ரூபாக் குத்தியை இறக்கைகளின் மேல் பக்கம் மாறி மாறி டேப்பால் ஒட்டிப் பார்த்தோம். இரண்டாவது இறக்கையில், நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே ஒட்டியதும் தண்டு அசையாமல் நின்று சுற்றியது. அந்தக் குத்தி இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

ஆடி அமாவாசையன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து, அக்கா, அத்தான், பிள்ளைகள் என்று எல்லாரும் அந்த அறை நிலத்தில் பாய் விரித்துப் படுத்தோம். வெளியே கச்சான் தென்னோலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அம்மா கட்டிலில். கண்ணை மூடிக்கொண்டே சுவர்ப் பக்கம் கையை நீட்டி, குமிழைப் பிடித்து, மூன்றிலிருந்து இரண்டுக்குத் திருப்பினார். “காத்துக் கூடிப்போச்சு” என்றார்.